ஒச்சம்மாள் மேகத்தைச் சுட்ட ரிவால்வர்

திண்டுக்கல் வட்டாரத்தில் மேகத்தைச் சுடுவதற்கென்று ரிவால்வர் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் கரட்டுப்பட்டி ஒச்சம்மாள்தான். அது 1958-ஆம் வருஷம். துப்பாக்கி பன்றிக்கா, குரங்குக்கா என்று மதுரையில் அதிகாரி கேட்டதற்கு, "மேகத்துக்குய்யா" என்றாள். அவர் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, காரணம் என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் பொய் ஒன்றும் கிடையாது. கரட்டுப்பட்டி ஆண்கள் இந்த இடத்தைச் சொல்லும்போது, ஏதோ தாங்களே போய் வாங்கிவந்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்கள்.

கரட்டுப்பட்டி கொடைரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ஒச்சம்மாளின் புருஷன் மலைச்சாமி 1951-இல் காலமானான், பிள்ளை இல்லை. அந்த ஐப்பசியிலிருந்து அவளுடைய நாலு ஏக்கர் மல்லிகைக் காட்டில் ஒரு சொட்டு மழை விழவில்லை. அடுத்த காட்டில் வாய்க்கால் புரண்டு ஓடும், வரப்புக்கு இந்தப் பக்கம் புழுதி பறக்கும். வரப்பின் மேல் நின்றால் ஒரு தோள் நனையும், மறு தோள் காயும். மேகம் வராமலும் இல்லை. ஒவ்வொரு ஐப்பசியும் சிறுமலைப் பக்கமிருந்து சினை எருமை போல ஒரு கருமேகம் மெதுவாக வந்து, சரியாக அவள் காட்டுக்கு மேலே நின்றுகொள்ளும். மடி கனத்துத் தொங்கும், ஆனால் சுரக்காது. கார்த்திகை முடிந்ததும் வந்த வழியே போய்விடும். ஊர்க்காரர்கள் மத்தியானத்தில் அதன் நிழலில் துண்டை விரித்துத் தூங்கிவிட்டுப் போனார்கள். ஒச்சம்மாள் பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, செடிகளைச் சாகாமல் வைத்திருந்தாள்.

மலைச்சாமியின் தம்பி சோலைமலைக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு கண். ஆடித் திருவிழாவில், அய்யனார் கோயில் வாசலில், பொங்கல் கொதிக்கிற நேரத்தில் அவன் நாலு பேர் கேட்கச் சொன்னான்: "ஆம்பளை இல்லாத காட்டுல வானம் எதுக்கு மதினி இறங்கும்? எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டு எங்க அடுப்படியில ஒரு ஓரமா இருங்க." ஒச்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்தக் கார்த்திகை முடியிறதுக்குள்ள எங்காட்டுல மழை இறங்கலேன்னா நீயே எடுத்துக்கப்பா. இறங்குச்சுன்னா இப்பச் சொன்ன வார்த்தைய நீ முழுங்கணும்." அய்யனார் சாட்சி, ஊர் சாட்சி. சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துப் பொங்கலைக் கிண்டினாள்.

மேகத்தைச் சுடுகிற யோசனை புதிதல்ல. போன வருஷம் சோலைமலையே வீறாப்பாக அவனுடைய நாட்டுத் துப்பாக்கியில் மருந்தை இடித்து மேகத்தைச் சுட்டிருந்தான். மேகம் மிரண்டு ஓடி, கொடைரோடு ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு நின்றவர்கள் தலையில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, மறுநாள் வற்றிய மடியோடு திரும்பி வந்து நின்றது. ஒச்சம்மாள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: கட்டியை முள்ளால் குத்த வேண்டும், கடப்பாரையால் குத்தக்கூடாது. சின்னக் குண்டு வேண்டும், சத்தம் கம்மியாக இருக்க வேண்டும். நேர் உச்சியில் நிற்கிற மேகத்தை நீளத் துப்பாக்கியால் குறி பார்த்தால் மல்லாக்க விழ வேண்டியதுதான், ஆகவே ஒரு கையில் அடங்குகிற ரிவால்வர்.

திண்டுக்கல் நாகல் நகரில் செபஸ்தியான் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர். அந்தப் பெருமையைத் தினமும் மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருந்தார். கொடைக்கானலைக் காலி செய்து கப்பலேறிய துரைமார் விட்டுப்போன பாயிண்ட் டூ டூ ரிவால்வர்கள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று நிக்கல் பூச்சும் வெள்ளைக் கைப்பிடியுமாக மயிலைக் காளை மாதிரி மின்னியது. மற்றது கிழட்டுக் காரிக் காளை. கறுப்பு தேய்ந்து, மரக் கைப்பிடியில் ஒரு கீறல். ஒட்டன்சத்திரம் சந்தையில் நூறு உருப்படிக்கு நடுவே நல்ல மாட்டைக் கண்ணாலேயே பிடிக்கிறவள் ஒச்சம்மாள். மயிலையை எடுத்தாள். சந்தை வழக்கப்படி கையைத் துண்டால் மூடி, உள்ளே செபஸ்தியானின் விரலைப் பிடித்துத்தான் விலை பேசினாள். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே, "தோட்டா இல்லாம வெறுமனே விசைய இழுக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அங்கேதான் ஒச்சம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. மாட்டை நடத்திப் பார்க்கவிடாத தரகன் நொண்டி மாட்டைத் தலையில் கட்டுகிறான் என்பது சந்தை நியாயம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து கரட்டுப்பட்டி வரைக்கும் டிக், டிக் என்று விசையை இழுத்து நடத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் மொத்தமாக ஒரு பக்கமாக ஒதுங்கியதில் வண்டி சாய்ந்தே ஓடியது. வீட்டிலும் வந்தவர் போனவர் எல்லோரும் ஆளுக்குச் செத்த நேரம் நடத்திப் பார்த்தார்கள்.

ஐப்பசியில் மேகம் வந்தது. ஊர் கூடியது. ஒச்சம்மாள் தோட்டாவைப் போட்டு, கையை உயர்த்தி விசையை இழுத்தாள். டிக். மறுபடி டிக். ஆறு தோட்டாவும் ஊமையாக இருந்தன. மேகம் லேசாகக் குலுங்கியது. அது சிரித்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சோலைமலை அங்கேயே நிலத்தை அடியளந்து பார்க்க ஆரம்பித்தான்.

மறுநாளே ஒச்சம்மாள் கடையில் நின்றாள். செபஸ்தியான் ரிவால்வரைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார். "இந்த ஜாதித் தோட்டாவுக்கு மருந்து விளிம்புலதாம்மா இருக்கு. விசைய இழுத்தா உள்ள இருக்கிற ஊசி விளிம்பத் தட்டணும். உள்ள தோட்டா இல்லேன்னா அது எதத் தட்டும்? இரும்பத் தட்டும். ஊசி முனை மழுங்கிப்போச்சு, பாருங்க." ஒச்சம்மாள் பார்த்தாள். "தப்பு எம்மேலதான். மாட்டத்தான் நடத்திப் பாக்கணும் போல. அந்தக் காரிய எடுங்கண்ணே" என்றாள், தலையைக் குனியாமல்.

இந்தத் தடவை அவள் தோலைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ரிவால்வரின் முதுகில் இருக்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் தள்ளினாள், நழுவவில்லை. அப்படியே தோட்டா உருளையை அசைத்தாள். கிழட்டுப் பல் மாதிரி ஆடவில்லை. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடுக்கை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். தலைமுடி நுழைகிற அளவுதான் வெளிச்சம். குழலுக்குள் பார்த்தாள், வரிகள் முறுக்கிக்கொண்டு பளிச்சென்று ஓடின. கொல்லையில் ஒரு மண்பானையை வைத்துத் தோட்டாக்களைச் சுட்டாள். ஒன்றும் ஊமையாகவில்லை, ஈயம் பக்கவாட்டில் தெறிக்கவில்லை, வெற்றுக் கூடுகள் ஒரே தள்ளில் வெளியே விழுந்தன. அவள் உருளையைத் திரும்பப் பூட்டிய நேரம் கடைக்குள் மண்வாசனை எழுந்தது. மழை வருகிறதென்று செபஸ்தியானின் மனைவி வியாகுலம்மாள் காயப்போட்ட மிளகாயை அள்ள ஓடினாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மயிலையைத் திருப்பிக் கொடுத்து, மேற்கொண்டு தன் பால்மாட்டையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பதிவை மாற்ற ஒரு மாசத்துக்கு மேல் மதுரைக்கு அலைந்து முடித்துக் காரியோடு ஒச்சம்மாள் ஊர் திரும்பினாள்.

அன்று கார்த்திகை கடைசி நாள். மேகம் கிளம்புகிற தோதில் சிறுமலைப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது. ஒச்சம்மாள் காட்டின் நடுவில் நின்று, ஒரே ஒரு தடவை சுட்டாள். ஓலைப் பட்டாசுச் சத்தம்தான். மேகம் மிரளவில்லை, கொசு கடித்த மாடு மாதிரி ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை ஒன்று விழுந்து, அதன் வழியாக நூல் மாதிரி தண்ணீர் இறங்கி அவள் நெற்றியில் விழுந்தது. பிறகு மடி திறந்துகொண்டது. மார்கழி பிறந்தும் விடாமல், நாலு ஏக்கரில் மட்டும், சுவர் வைத்தாற்போலப் பெய்தது. ஊர்க்காரர்கள் வெளியே நின்று மழைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒச்சம்மாள் நனைந்துகொண்டே அழுதாள். ஏழு வருஷம் சுமந்த குடங்களையெல்லாம் யாரோ திருப்பி ஊற்றுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தத் தையில் திண்டுக்கல் பூக்கடைகளில் அவள் மல்லிகைக்குத்தான் முதல் விலை.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தோட்டா. ஊரில் மழை தவறிய ஷரீஃபா காட்டுக்கும் சின்னக்கண்ணு தோப்புக்கும் கூப்பிட்டார்கள். போய்ச் சுட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வாய் மோர் குடித்துவிட்டு வந்தாள். 1964-இல் மழை வரப்பின் அந்தப் பக்கம் சோலைமலை காட்டில் நின்றுபோனது. ஒரு காலையில் அவன் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றான்.

"மதினி, எங்காட்டுக்கும் ஒரு தோட்டா..."

"ஆம்பளை இருக்கிற காடுதானப்பா அது."

சோலைமலை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"அந்த வார்த்தைய முழுங்கிட்டியா?"

"அன்னைக்கே முழுங்கிட்டேன் மதினி. செரிக்கத்தான் இம்புட்டு வருசமாச்சு."

ஒச்சம்மாள் காரியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அன்று வரப்பு இரண்டு பக்கமும் நனைந்தது. அந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க மதுரைக்குப் போனபோது புது அதிகாரி ஒருவர் இருந்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னாள். அவர் நிமிராமலே மேகம் என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.