சேங்கொட்டைக் குறி

கந்தல் துணியை யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்குவார்களா? அதுவும் கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நூர் முகமதுவின் மகள்! சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த ஹப்சா, கண்காட்சி வைக்கிறேன், பழைய சட்டை, ஓட்டை முறம் எதுவானாலும் கொடுங்கள் என்று ஊருக்குள் வந்துபோனதைக் கேட்டதுமே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பூமாலைக்குப் பட்டது. இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் தியாகதுருகம் சாலையில் மரம் வெட்டிப் போட்டவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. அவள் மகன் வேடியப்பனும் அவர்களில் ஒருவன். கல்வராயன் மலைக்கு ஓடியவன் இன்னும் இறங்கவில்லை.

பூமாலை களையெடுக்கப் போயிருந்த நேரத்தில், மருமகள் செந்தமிழ்ச்செல்வி ஒரு சட்டையைத் தூக்கிக் கொடுத்திருந்தாள். மறியலன்று அவன் போட்டிருந்த சட்டை. முன்பக்கமெல்லாம் வெட்டிய வேப்பமரத்தின் பிசின் கறை.

"அடிப் பாவி! அதுல குறி கீதுடி!"

துணி மாறிவிடாமலிருக்கச் சலவைக்கார சின்னராசு வீட்டுக்கொரு குறியை, துவைத்தாலும் போகாத சேங்கொட்டைச் சாற்றால் காலருக்குள் வைப்பான். போலீஸ் ஒரு அதட்டு அதட்டினால் போதும், எந்த வீட்டுச் சட்டை என்று சொல்லிவிடுவான். பூமாலை வெற்றிலைப் பைக்குள் ஒரு பிளேடைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

நூர் முகமது கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. நடுநடுவே தேய்ந்த செருப்பு, முறம். எல்லாவற்றுக்கும் முன்னால் பாய் விரித்திருந்தது.

"ஏதாவது ஒண்ணு முன்னால உக்காந்து, பேசாம அதையே பாருங்கக்கா. தினம் தொடுற பொருள நாம பாக்கறதே இல்ல," என்றாள் ஹப்சா.

பேசாமல் உற்றுப் பார்ப்பதாம்! ஆளை அடையாளம் காட்ட இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? வாசலில் ஒரு போலீஸ்காரர் வேறு சோடா குடித்துக்கொண்டிருந்தார். பூமாலைக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது.

மகன் சட்டை முன்னால் உட்கார்ந்தாள். யாரும் பார்க்காத நேரமாகக் காலரைப் புரட்டிக் குறியை அறுத்தெடுத்தாள். நிமிர்ந்தால், எதிரே ஹப்சா.

"இன்னாக்கா பண்றீங்க?"

"இன்னா நடிப்புடியம்மா! எம்புள்ளயக் காட்டிக் குடுக்கத்தான இதெல்லாம் வாங்கினு வந்த?"

ஹப்சா கறையைப் பார்த்தாள், அறுந்த காலரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். விஷயம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, இது ஒண்ணுல மட்டும் ஓட்டை இருந்தா கண்ணுல படுமேக்கா!"

பிளேடை வெடுக்கென்று பிடுங்கி, பக்கத்துச் சட்டையின் காலரிலிருந்தும் குறியை அறுத்தெடுத்தாள். அப்புறம் அடுத்தது. ஊர் ஊராக அலைந்து சேர்த்த துணி அத்தனையையும் தன் கையாலேயே பாழாக்கிக்கொண்டு போனாள்.

போலீஸ்காரர் உள்ளே வந்து ஒவ்வொரு காலராகத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, எல்லாத்துலயும் ஓட்டை?"

"அதான் சார் கலை. உக்காந்து பாருங்க, புரியும்."

"எங்க வூட்டுப் பனியனக் கூட மாட்டலாம் போல!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்படியும் பூமாலைக்கு மனசு ஆறவில்லை. "அதக் குடு," என்று ஹப்சா கைக்குள் மறைத்திருந்த துண்டுகளை வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து வெற்றிலையில் மடித்து வாயில் அதக்கினாள். ஊரார் குறியெல்லாம் அவள் பல்லில் அரைபட்டது.

எழுந்தவள் மறுபடியும் பாயில் உட்கார்ந்தாள். காற்று புகுந்து சட்டையின் தோள் லேசாக உப்பியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"செத்த நேரம் பாத்துட்டுப் போறேன் பாப்பா. எம்புள்ளயப் பாத்து ரொம்ப நாளாச்சி."