படலைக்கு வந்த சுமியே

சிட்னியில், போட்டனி கடற்கரைக்கு அருகே ஜெயரட்ணம் வாங்கியிருந்தது நூறு வயதைக் கடந்த வீடு. ஒரு ஞாயிறு காலை அதன் வாசல் படலையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஜப்பானியப் பெண் ஒருத்தி நின்றாள். சமயம் பரப்ப வந்தவளாக்கும் என்று நினைத்து, வேண்டாமென்று கையசைத்தார். அவள் போகவில்லை.

"என் பெயர் சுமியே. என் அப்பா இந்த வீட்டில்தான் பிறந்தார்" என்றாள் ஆங்கிலத்தில்.

அவளுடைய தாத்தா மீன்பிடிகாரர். ஜப்பானோடு போர் மூண்ட 1941 டிசம்பரில் பொலிஸ் வந்து குடும்பத்தையே ஏற்றிப்போனதாம். படகு, வலை, வீடு எல்லாம் எதிரியின் சொத்தென்று விற்கப்பட்டன. முகாமில் நாலைந்து வருடம். பிறகு, அப்பா கண்ணாலும் கண்டிராத ஜப்பானுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

"பின்வளவை ஒருதரம் பார்க்கலாமா? படகை அங்கேதான் இழுத்து வைப்பார்களாம்."

மனைவி சுஜீவா பின்னால் வந்து காதோடு சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உள்ள விடாதேங்கோ. நாளைக்கு லோயரோட வந்து நிண்டா?"

"இன்றைக்கு வசதிப்படாது" என்றார் ஜெயரட்ணம். சுமியே தலையைத் தாழ்த்திவிட்டு நடந்தாள்.

அவருக்கு ஒரே திகைப்பு. போன வருடம் சொந்த ஊரான மயிலிட்டியில், தொண்ணூறாம் ஆண்டுப் போரில் தகப்பன் விட்டோடிய வீட்டு வளவைப் பார்க்கப் போனபோது, கம்பிவேலிக்கு அப்பால் நின்ற சிப்பாயும் இப்படித்தான் மரியாதையாகத் திருப்பி அனுப்பினான். ஆனால் இவர் யாரிடமும் பறிக்கவில்லையே, ஒரு கிரேக்கரிடம் முறையாக வாங்கினார். யோசித்தால் அந்தச் சிப்பாயும் பறித்தவனில்லை. தொண்ணூறில் அவன் பிறந்தே இருக்கமாட்டான்.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு ஓடினார். அவளைக் கூட்டிவந்தார்.

பின்வளவில் சீமெந்துத் தரையும் உடுப்புக் கொடியும் கறிவேப்பிலைச் சாடிகளும்தான் இருந்தன. "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவர் கைகாட்டிய பக்கம் தூரத்தில் துறைமுகப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. கடலைத் தூர்த்துக் கட்டிய துறைமுகம். "அப்பா சொன்ன வீடு இதுதானா?" என்று அவளே குழம்பினாள்.

சுஜீவா தேத்தண்ணி கொடுத்தாள். ஜெயரட்ணம் மயிலிட்டிக் கதையைச் சொன்னார்.

"அங்கே இப்போது யார்?" என்றாள் சுமியே.

"இராணுவம்."

"கேட்டால் உள்ளே விடமாட்டார்களா?"

அவர் அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார்.

அவள் நன்றி சொல்லிப் போனபின் சுஜீவா கேட்டாள்: "வீட்டைக் கேக்கேல்லைத்தானே?"

"இல்லை. வீட்டைக் கேட்டிருந்தா எனக்கு ஏதும் சொல்லத் தெரிஞ்சிருக்கும். அவ கேட்டது உள்ள விடமாட்டினமோ எண்டுதான்."