நான்காம் எண் துப்பாக்கி

வெர்லின் ஹாகெ துடைத்த துப்பாக்கியில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். அயோவாவின் அந்தச் சோளக்காட்டு ஊரில், முன்னாள் படைவீரர் மன்றத்துக்கு ராணுவம் இரவலாகக் கொடுத்திருந்த ஐந்து பழைய துப்பாக்கிகளும், அவை பூட்டிய அலமாரியின் சாவியும் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. மனைவியின் பிறந்தநாள் மறந்துபோகும். ஐந்தின் எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

படைவீரர் யார் இறந்தாலும் ஐந்து கிழவர்கள் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நின்று மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். குண்டில்லாத தோட்டாதான். துப்பாக்கியின் போல்ட்டைத் தானாகத் தள்ள அதற்கு வலுவில்லை. ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் இழுத்துவிட வேண்டும்; இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா, வெடித்ததோ இல்லையோ, வெளியே விழும். ஐந்தும் ஒரே வெடியாகக் கேட்க வேண்டும். ஒரு வருடமாக அப்படிக் கேட்கவில்லை. ஒரு வெடி குறைந்தது.

"நாலாம் நம்பர்தான்," என்றார் தலைவர் ஆர்டன் ஸ்குடர். அது அவர் பிடிக்கும் துப்பாக்கி. "எண்ணெயில ஊற வெச்சா எப்படி வெடிக்கும்? உனக்குக் கண்ணு போயிடுச்சு வெர்லின். ஒத்துக்க."

எப்போதும் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டேதான் பேசுவார். தலைவர் மிடுக்கு என்று ஊர் நினைத்தது.

வெர்லின் நான்காம் எண்ணை ஒன்பது முறை பிரித்தார். ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் முறை அதனிடமே கேட்டுப் பார்த்தார். அதுவும் பதில் சொல்லவில்லை.

இன்னொரு விந்தை. குனிந்தால் நிமிர அரைமணி நேரமாகும் ஆர்டன், சுட்டு முடித்ததும் முதல் ஆளாகக் குனிந்து தன் காலடியில் விழுந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். போன செவ்வாய் மட்டும் இறந்தவரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெர்லின் பொறுக்கினார். ஆர்டன் நின்ற இடத்துப் புல்லில் மூன்று தோட்டாக்கள், வெடிக்காமல், முழுசாக.

சனிக்கிழமை காலை மன்றத்தில் பான்கேக் தின்றுகொண்டே கூட்டம். சாவியைப் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரனிடம் கொடுத்துவிடலாம் என்று ஆர்டன் முன்மொழிந்தார். வெர்லின் எழுந்து அந்த மூன்றையும் சர்க்கரைப்பாகுக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது உன் காலடியில கெடந்தது, தலைவரே. பின்பக்கம் பாரு. வெடிக்க வைக்கற ஊசி அடிச்ச தடமே இல்ல."

"அதத்தானேய்யா நானும் சொல்றேன்," ஆர்டன் சிரித்தார். "உன் ஊசி அடிக்கல. அவனே சாட்சி கொண்டாந்து அவனே மாட்டிக்கிட்டான், பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஊதுகொம்புக்காரர் டெல்மர் கூடச் சிரித்தார். அவர் கொம்புக்குள் இருப்பது பேட்டரியும் ஒலிபெருக்கியும். கன்னத்தை உப்புவது மட்டுமே அவர் வேலை.

வெர்லின் அலமாரியைத் திறந்து நான்காம் எண்ணை எடுத்தார். அதே மூன்று தோட்டாக்களோடு வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். பான்கேக் தட்டோடு மன்றமே பின்னால் போனது.

மூன்று முறை சுட்டார். மூன்றும் வெடித்தன. நான்கு மைல் தள்ளி ஒரு பசு கன்றே போட்டுவிட்டது.

சிரிப்பு நின்றது. எல்லோர் கண்ணும் ஆர்டனின் நீட்டிய விரலுக்குப் போனது.

"மடங்க மாட்டேங்குது," என்றார் ஆர்டன். "ஒரு வருஷமாச்சு. போல்ட்ட உள்ளங்கையால இழுத்துருவேன். விசையத்தான் அழுத்த முடியல."

"சொல்லியிருக்கலாமேப்பா," என்றார் டெல்மர்.

"சொன்னா என்ன ஆகும்? உள்ள சுவத்துல மாட்டியிருக்கே."

மன்றத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, ஆர்டனே கொண்டுவந்த விதி: ஐந்து பேருக்குக் குறைந்தால் வேட்டு அணி நிற்காது. ஆறாவது ஆள் ஊரில் இல்லை.

"நாலுன்னு மாத்திக்கலாம்," என்றார் வெர்லின். குரல் இறங்கியிருந்தது.

"என் பொணத்துக்கு அரைகுறையா சுட வேணாம். கொம்புல பேட்டரிப் பாட்டு வர்ற மாதிரி வேட்டும் பேட்டரியிலயே வரட்டும். துப்பாக்கிய ராணுவத்துக்கே திருப்பி அனுப்பிரு. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, பத்திரமாப் பொட்டி கட்டு."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தட்டில் பான்கேக் ஆறிப்போனது.

ஜெயித்தவர் வெர்லின்தான். துப்பாக்கி மேல் ஒரு குற்றமும் இல்லை. இனி அந்தத் துப்பாக்கிதான் இல்லை. ஒரு வருடம் தன்னைக் குருடன் என்று சொன்னவர் எதிரே நின்றார். வெர்லின் குனிந்து சூடு ஆறாத மூன்று வெற்றுக்கூடுகளைப் பொறுக்கினார். அடக்கம் முடிந்ததும் செத்தவர் வீட்டாரின் உள்ளங்கையில் வைப்பார்களே, அதே மரியாதையோடு ஆர்டனின் வலக்கையில் வைத்தார்.

ஆர்டன் கையை மூடினார். மற்ற விரல்கள் மடங்கின. அந்த ஒன்று மட்டும் விறைத்து நீண்டு, வெர்லினையே காட்டிக்கொண்டிருந்தது.