417-ஆம் எண் புட்டி

செப்டம்பர் 3, புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, பிஸ்கட் தொழிற்சாலையின் சுவைச் சோதனை அறையில் தலைமைச் சுவையாளர் வெண்ணெய் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். நாற்பது விநாடி கழித்து வெளியே எடுத்தார்.

“இன்னிக்கு இது மூணாவதுதான்,” என்றார் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, ஏதோ பரிசு வாங்கியவர் போல. “முன்னாடி பத்து வரும். எல்லாம் என் தங்கச்சி குடுத்த வேர்ப்பொடி பண்ற வேலை.”

அறையில் அவருக்குப் ‘பெரிய நாக்கு’ என்று பெயர். வயது ஐம்பத்தொன்று. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து உடம்பு நினைத்த நேரத்தில் உள்ளுக்குள் பற்றிக்கொண்டது. நெஞ்சில் கிளம்பும் சூடு நொடியில் நெற்றிக்கு ஏறும், ரவிக்கை நனையும், ஐந்து நிமிடத்தில் குளிர் எடுக்கும். ஜூன் மாதம் தங்கை வேர்ப்பொடி கேப்சூல் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வாரத்தில் சூடு பாதியாகக் குறைந்தது. அந்தத் தங்கை அக்டோபர் 15-இல் அதே கேப்சூலுக்குக் கடை திறக்கிறாள். அக்காவும் பங்குதாரர், வருகிற பெண்களிடம் தன் அனுபவத்தைச் சொல்வது அவர் பொறுப்பு. அதற்காக இருபத்தாறு வருட வேலையை விட வேண்டும். விலகல் கடிதத்தை அக்டோபர் 6 மாலை ஐந்து மணிக்குள் மேனேஜரிடம் கொடுக்க வேண்டும்.

இது பிடிக்காத ஒருத்தி அந்த அறையில் இருந்தாள். கோப்பைகளுக்கு எண் ஒட்டுபவள். எல்லாரும் சீட்டுக்காரி என்பார்கள்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. புது வெண்ணெய் பிரமாதமா இருக்குன்னு மேனேஜர் சொன்னா நம்புவீங்களா?”

“அவருக்கு நாக்கே கெடையாதே! மூணு கோப்பை வை, ரெண்டுல பழசு, ஒண்ணுல புதுசு. எண் ஒட்டு, நெறம் தெரியாம இருக்கச் செவப்பு வெளக்கைப் போடு. அப்புறம் பேசலாம்.”

“நீங்களே சொன்னா?”

“என்னையே நான் நம்ப மாட்டேன். எது எதுன்னு தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும்.”

“அப்ப பொடியை மட்டும் எப்படி நம்பறீங்க?”

மூலையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த சுவைக்காரி ஒருத்தி, உப்புக் கணக்கில் பிசகாததால் ‘உப்பு’ என்று பெயர் பெற்றவள், தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். “மாட்டிக்கிட்டீங்களா அக்கா!”

பெரிய நாக்குக்கு முகம் மறுபடி சிவந்தது. இந்த முறை சூட்டினால் இல்லை. “உடம்பு என்னுது. வேர்க்கறது எனக்கு. கொறைஞ்சதும் எனக்குத்தான் தெரியும். இதுக்கு எதுக்கு எண்ணு?” என்றார். கோப்பையைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “சரி, ஒட்டு! எண்ணு ஒட்டு! எம் பொடி தோக்காது.”

அன்று மதியமே வேலை தொடங்கியது. சீட்டுக்காரியின் அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். காலி கேப்சூல்கள் அவரிடமிருந்து வந்தன. ஒரு புட்டியில் பொடி, இன்னொன்றில் வெறும் அரிசி மாவு. மாவில் வேறு எதையும் சேர்ப்பதானால் சோதனை அறை அலமாரியில் உள்ள உணவுப் பொருள் மட்டுமே. இதற்குப் பெரிய நாக்கு தலையாட்டினார். எந்தப் புட்டியில் எது என்பது சீட்டுக்காரி வீட்டுக்குப் போய் எழுதி ஒட்டிய உறைக்குள் இருந்தது. சாட்சிக்கு உறையின் மேல் உப்பு கையெழுத்துப் போட்டாள்.

புட்டிகளின் மேல் எண் மட்டுமே. திங்கள், செப்டம்பர் 8 முதல் இரண்டு வாரம் 417. அடுத்த இரண்டு வாரம் 862. சூடு வரும்போதெல்லாம் சுவரில் தொங்கிய தாளில் ஒரு கோடு. வீட்டில் வருவதற்குத் தலைமாட்டில் ஒரு நோட்டு.

நான்காம் நாள் அறைக்கே ஜுரம் பிடித்துவிட்டது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்டுப் போனார்கள். மேனேஜர் ஒருநாள் தாளை உற்றுப் பார்த்து, “இது எந்த பிஸ்கட்டோட ரிப்போர்ட்?” என்றார். உப்புக்கு இருமல் வந்தது.

417-இல் கோடுகள் ஒரு நாளைக்கு நாலு, மூணு, மூணு, ரெண்டு என்று இறங்கின. பெரிய நாக்கின் நடையே மாறிப்போனது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். 862 தொடங்கிய மூன்றாம் நாள் ஏழு கோடு. ஐந்தாம் நாள் ஒன்பது.

“அடிச்சேன் பாத்தியா!” என்று அவர் சீட்டுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “உன் மாவு வேலைக்காகாது. தங்கச்சிகிட்ட நேத்தே சொல்லிட்டேன், கடைப் பலகையில எம் பேரையும் எழுதுன்னு.”

“உறையே இன்னும் பிரிக்கலையே அக்கா.”

“பிரிக்கணுமா? எனக்கு மொத நாளே தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “ஏப்பம்! 417 போட்டு அரை மணி நேரத்துல பொடியோட கசப்பு மேல வருது. 862-ல ஒண்ணுமே வரல. இருபத்தாறு வருஷ நாக்கு, இதைக் கண்டுபிடிக்காதா?”

சீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பைகளை அடுக்கினாள்.

அக்டோபர் 6, மதியம் ஒன்றரை. பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். உப்பு கூட்டிச் சொன்னாள்: 417-இல் பதினான்கு நாளில் நாற்பத்து நான்கு கோடு. 862-இல் நூற்றுப் பன்னிரண்டு. கைதட்டல் பேக்கிங் கூடம் வரை கேட்டது. “மூணுக்கு எட்டு! பிரி பிரி, சீக்கிரம் பிரி!” என்று பேக்கிங் பெண்கள் மேசையைத் தட்டினார்கள். பெரிய நாக்கு விலகல் கடிதத்தை விசிறி போல வீசிக்கொண்டு நின்றார்.

உப்பு உறையைக் கிழித்துப் படித்தாள். மறுபடி மனசுக்குள் படித்தாள்.

“417, அரிசி மாவு. 862, பொடி.”

“தப்பாப் படிக்கற. குடு இப்படி.”

பெரிய நாக்கு பிடுங்கிப் பார்த்த தாளில் அப்படித்தான் இருந்தது. கீழே இன்னும் இரண்டு வரி. மாவில், புதுச் சுவைக்காரர்களுக்குக் கசப்பு பழக்குகிற சாறு ஒரு துளி. பொடிக்கு, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும் கேப்சூல் கூடு.

“உங்க நாக்கு தேடும்னு தெரியும் அக்கா,” என்றாள் சீட்டுக்காரி. “அதுக்குத்தான் ஏப்பத்தை எடம் மாத்தி வச்சேன்.”

“ஏமாத்திட்ட!”

“நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தது. சோதிக்கறவளுக்குத் துப்பு கெடைக்கக் கூடாதுன்னு.”

பெரிய நாக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். “கூடு மாத்தினதால பொடி வேலை செய்யாமப் போயிருக்கலாம்ல?”

“போயிருக்கலாம். அதுக்கு இன்னொரு சோதனை வேணும். ஒரே ஒருத்தர், நாலு வாரம், இதை வச்சு ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனா 417-ல வேர் ஒரு சிட்டிகை கூட இல்லையே அக்கா. அதுல எப்படிக் கொறைஞ்சது?”

“அப்ப நான் வேர்க்கலைன்னு சொன்னதெல்லாம் பொய்யா?”

“யாரு சொன்னா? கொறைஞ்சது நெசம். நாங்களும் பாத்தோமே. கொறைச்சது மாவு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லாரும் பெரிய நாக்கையே பார்த்தார்கள். அவர் கோடு போட்ட தாளை வெளிச்சத்தில் பிடித்து, 44, 112 என்ற எண்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர.

“அரிசி மாவுக்கு மூணு கோடு! அடியே, அரிசி மாவுக்கு! இப்படி ஒரு சோதனைய இந்த அறை பாத்ததே இல்ல!” என்று சீட்டுக்காரியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். “கெட்டிக்காரிடி நீ. பாவி.”

மூன்று மணிக்குத் தங்கையைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் தங்கையின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“என்னக்கா, கடிதம் குடுத்துட்டியா?”

“இல்ல. 417 மாவாம்.”

“எது மாவு? என்னக்கா ஒளர்ற? உனக்குத்தான் கொறைஞ்சுதே, நீயேதான சொன்ன!”

“கொறைஞ்சுது. ஆனா பொடியாலன்னு இனிமே எவகிட்டயும் என்னால சொல்ல முடியாது. கடையில அதைச் சொல்லத்தான என்னைக் கூப்பிட்ட?”

“அந்தச் சீட்டுக்காரி பேச்சைக் கேட்டு கூடப் பொறந்தவளை விட்டுடுவியா?”

“உன்னை விடலடி. நாளைக்கு வீட்டுக்கு வா, சாப்பிடு, சண்டை போடு. கடைக்கு வரல.”

தங்கை போனை வைத்துவிட்டாள்.

மாலை ஐந்து மணிவரை மேனேஜரிடம் கடிதம் எதுவும் போகவில்லை. அக்டோபர் 15-ஆம் தேதி தங்கை கடையைத் தனியாகத் திறந்தாள். பெரிய நாக்கு அன்று வேலைக்கு வந்து முப்பத்தாறு கோப்பைகளைச் சோதித்தார். நாலரை மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, பெண்கள் மருத்துவரைப் பார்க்கப் போனார்.