திண்டுக்கல் பூட்டும் கீற்றுக் கொட்டகையும்

தாண்டவராயன் திண்டுக்கல் பூட்டு வாங்கிய சேதி திண்டிவனம் முழுக்கத் தெரியும். வாங்கி வந்த நாள்முதல் அவன் வேறு எதையும் பேசவில்லை. உரித்த தேங்காய் அளவு பூட்டு. சாவியை இரண்டரைச் சுற்று சுற்றவேண்டும். அதை வீட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த தன் மோட்டார் ரிப்பேர் கொட்டகைக் கதவில் மாட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். கதவு நல்ல வேங்கைப் பலகை. கொட்டகையின் மற்ற மூன்று பக்கமும் தென்னங்கீற்று.

இந்த விஷயம் அவனுக்கு உறைத்தது ஆவணிக் கடைசியில், ஒரு விடியற்காலையில்தான். பூட்டு பூட்டியபடி தொங்கியது. பின்பக்கக் கீற்றில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அரிந்த ஓட்டை. ஆணியில் மாட்டியிருந்த பதினாறு ஸ்பேனரும், ரெஞ்சும், திருப்புளியும், சுத்தியலும், அரமும் போயே போய்விட்டன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பூட்டைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். நல்ல பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் சாவியை வாங்கி மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

தாண்டவராயனுக்குப் பூட்டின் புகழைக் கேட்க நேரமில்லை. அது ஜப்பான்காரனோடு சண்டை நடந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். பட்டாளத்து மோட்டார் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள். சொந்தச் சாமானோடு வருகிற மெக்கானிக்குத்தான் முதல் இடம், விஜயதசமியன்று காலை விழுப்புரம் ஜங்ஷனில் வந்து நில் என்று ஏஜெண்டு ஒருவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவன் மனசு திண்டிவனத்தில் இல்லை. பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவால் ஓடிய பஸ்ஸின் அடியில் படுத்துக்கொண்டு பாஸ்ராவையும் பர்மாவையும் பற்றியே பேசினான். மனைவி பாஞ்சாலி மறுவார்த்தை சொல்லவில்லை. போய்ட்டு வாங்க என்றாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான்.

சாமான் போன பிறகு மனுஷன் செய்த முதல் காரியம்தான் வேடிக்கை. புதுச் சாமான் வாங்குவதற்கு முன்னால் கொட்டகையைப் பலப்படுத்தினான். கீற்றைப் பிடுங்கிப்போட்டுவிட்டுப் பச்சைச் செங்கல்லால் சுவர் எழுப்பினான். சுவர் தலையில் சோடாபுட்டிச் சில்லு பதித்தான். கதவுக்குக் குறுக்கே ரயில் தண்டவாளம் மாதிரி ஓர் இரும்புப் பட்டை போட்டான். கதவைத் தொட்டால் அலற ஒரு பழைய பஸ் ஹாரனையும் கட்டினான். பாஞ்சாலி முகம் சுளிக்காமல் சேறு குழைத்துக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் திருடன் என்ன, காற்றே உள்ளே நுழைய முடியாத கொட்டகை தயார். உள்ளே காவல் காக்கத்தான் ஒரு சாமானும் இல்லை.

அப்புறம்தான் சாமான் தேடினான். விழுப்புரத்து இரும்புக்கடைக்காரர் வெறும் அலமாரியைக் காட்டினார். அவனுக்கு முன்னாலேயே ஸ்பேனர் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதாம். கூட்டேரிப்பட்டில் மாரியப்பன் என்ற கொல்லரிடம் சொல்லி மூன்று ஸ்பேனர் அடித்து வாங்கினான். முதல் நட்டைப் பிடித்து முறுக்கியதுமே மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வாயைப் பிளந்தன. விஜயதசமிக்கு நாள் நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுதபூஜையும் வந்துவிட்டது. பூஜை போட ஆயுதம் இல்லாத மெக்கானிக்காக அவன் சுவரில் சாய்ந்து கிடந்தான். பாஞ்சாலி அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்தாள், கோடாலிக்கு வைத்தாள். கொட்டகைப் பக்கம் போனவள், வேறு ஒன்றும் இல்லாததால் திண்டுக்கல் பூட்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். அதைப் பார்த்ததும் தாண்டவராயன் துள்ளி எழுந்தான்.

அவன் சாமானை எடுத்தவன் எவனாக இருந்தாலும் இன்றைக்குப் பொட்டு வைத்துத்தானே ஆகவேண்டும். பொட்டு வைக்காத இரும்பு, எடுத்தவன் கையையே பதம் பார்க்கும் என்று திருடனுக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு பட்டறையிலும் சாமானை ஒளிக்க முடியாது. பலகையில் வரிசையாக வைத்துத்தான் தீரவேண்டும். பூஜைக்கு வந்தவனை யாரும் வாசலில் நிறுத்தவும் மாட்டார்கள்.

இந்த யோசனையைக் கேட்டு பாஞ்சாலி குங்குமக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, இந்த ஊரில் யார் துணிந்து வைத்துக்கொள்வார்கள், விழுப்புரத்தில் போய்ப் பாருங்கள் என்று அவளே ரயிலுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தாள்.

விழுப்புரத்தில் அவன் ஏறி இறங்கிய பட்டறைகள் பதினொன்று. எல்லா இடத்திலும் பலகை, எல்லாச் சாமானுக்கும் பொட்டு, எல்லா இடத்திலும் பொரி, கடலை, சுண்டல். வேண்டாம் என்றால் பூஜைக்கு மரியாதைக் குறைவு. ராஜாமணி என்பவரின் நெல் மிஷினில் ஒரு சுத்தியலை அவன் உற்றுப் பார்த்தான். பசியோடு பார்க்கிறான் என்று நினைத்து அவர் இரண்டாம் தரமும் முறம் நிறையப் பொரி கொட்டினார். சாமான் கிடைக்கவில்லை. வயிறுதான் மத்தளமாக உப்பிப்போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாஞ்சாலி கிணற்றுக்குப் போயிருந்தாள். கொஞ்சம் ஓமம் வாயில் போட்டால் தேவலை என்று அவன் அடுக்களைக்குள் நுழைந்து பானை பானையாகத் துழாவினான். மூலையில் இருந்த பெரிய கேப்பைப் பானைக்கு மூன்று விரலால் சந்தனப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. முன்னால் வெற்றிலை பாக்கு, ஒரு பிடி பொரி, கற்பூரம் எரிந்த கரி. கேப்பைக்கு யார் ஆயுதபூஜை போடுவார்கள் என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கையை உள்ளே விட்டான்.

ஒரு சாண் கேப்பையை விலக்கியதும் பதினாறு ஸ்பேனரும் மற்றச் சாமான்களும் தெரிந்தன. துடைத்து, எண்ணெய் பூசி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு. அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் எடுக்கக்கூடாது.

குடத்தோடு உள்ளே வந்த பாஞ்சாலி அவன் கையில் ஒட்டியிருந்த கேப்பையைப் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏமே, கீத்த அறுத்தது நீயா?"

"சாவி உங்க அரைஞாண்ல இருக்குது. பின்ன எப்படி உள்ள போறது?"

"அப்புறம் இன்னாத்துக்கு செவுருக்குச் சேறு கொழைச்சுக் குடுத்தே?"

"நெசமான திருடன் வர மாட்டானா? அதுக்கோசரந்தான்."

அவன் கையிலிருந்த கேப்பையைத் தரையில் உதறினான். போகாதீங்க என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு என்று கத்தினான். பாஞ்சாலி சத்தம் போடவில்லை.

"எங்கண்ணன் சிங்கப்பூருக்குப் போறப்ப சொன்னேன். அழுதேன், கால்ல உழுந்தேன். போய்ட்டாரு. அந்த ஊர சப்பான்காரன் புடிச்சதுலேருந்து, ரெண்டு வருசமா ஒரு கடுதாசி இல்ல. சொன்னா ஆம்பளைங்க நிக்க மாட்டீங்க. ஸ்பேனர் இல்லன்னா நிப்பீங்க."

அவள் அண்ணன் பெரியதம்பியை, பட்டாளப் பேச்சு தொடங்கிய இந்த ஆறு மாசத்தில் ஒரு தரம்கூட நினைக்கவில்லையே என்று தாண்டவராயனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க இன்னொரு கேள்வி கேட்டான்.

"பொட்டு வைக்காம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. அத்த ஏன் வச்சே?"

"என்னைக்கின்னாலும் உங்க கையில எடுக்கப்போற சாமான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

தாண்டவராயன் துழாவிய கேப்பையைச் சரித்துச் சாமான்களை மூடி வைத்தான்.

மறுநாள் விஜயதசமிக் காலையில் பாஞ்சாலி குளித்துவிட்டு வந்து கற்பூரம் ஏற்றினாள். கேப்பைக்குள் இருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டி, கோணிப்பையில் போட்டுக் கட்டினாள். வழிக்குப் புளிச்சோறு கிண்டி வாழையிலையில் மடித்துப் பையின்மேல் வைத்தாள். இரண்டையும் வாசற்படியில் வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் போயிருப்பான்.

தாண்டவராயன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். இறங்கியவன் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. கொட்டகைக்குப் போய் ஹாரன் அலற அலறக் கதவைத் திறந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினான். கடைசி ஸ்பேனரை மாட்டும்போது விழுப்புரம் பாசஞ்சர் ஊதிக்கொண்டு போனது.

கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். பாஞ்சாலி அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்துப் பிரித்தான். இன்னொரு இலை எடுத்து வரச் சொன்னான்.