தோற்காத கதவு

கதவு திறக்கப்பட்ட வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு உலைக்கூடத்தில் இருந்தவர்கள்: உலைக்காரர், கழுத்தில் பார்வையாளர் அட்டை தொங்க அவருடைய மனைவி, கட்டடப் பொருள் ஆய்வுக்கூடத்தின் முதலாளி, ஆவணங்களுக்குப் பொறுப்பான கோப்பக்கா, அங்கீகார வாரியத்திலிருந்து வந்திருந்த, முதுகுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி என்று அழைக்கப்பட்ட மதிப்பீட்டாளர், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், நெருப்பு. கதவு அப்போது பதினோரு வருடம் நான்கு மாதமாக நெருப்பில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம், கணக்குப்படி, இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தொன்பது டிகிரி. இந்தப் பக்கம் இருபத்தெட்டு. உலைக்காரர் துவைத்த சட்டைகளை அதன் கைப்பிடியில்தான் மாட்டுவார். காய வெகு நேரமாகும்.

தொடக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தீத்தடுப்புக் கதவு செய்கிறவர்கள் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். உலையின் வாயில் சுவர் கட்டி, கதவைப் பொருத்தி, பூட்டி, சாவியை உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டுத் தீ மூட்டுவார்கள். தீ வெளியே எட்டிப்பார்க்கும் வரையோ, இந்தப் பக்கம் சூடேறும் வரையோ, ஓர் இடுக்கில் ஆறு மில்லிமீட்டர் கம்பி நுழையும் வரையோ எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதுவே சான்றிதழில் ஏறும். விண்ணப்பத்தில் ‘சோதனையை எப்போது நிறுத்த வேண்டும்?’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் இரண்டு மணி நேரம் என்று எழுதுவார்கள். இந்தக் கதவைச் செய்தவர் ‘தோற்கும்போது’ என்று எழுதினார். கோப்பக்கா அதைப் படித்தார், கட்டம் காலியாக இல்லை என்பதைக் கவனித்தார், முத்திரை குத்தினார். காலியான கட்டத்துக்குத்தான் மதிப்பீட்டில் குறை எழுதுவார்கள். நிரம்பிய கட்டத்தில் என்ன நிரம்பியிருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

கதவு தோற்கவில்லை. இரண்டு மணி நேரம் கழிந்தது, இரண்டு நாள் கழிந்தது, மழைக்காலம் வந்து போனது. வாடிக்கையாளர் எழுதிக் கேட்டுக்கொண்டால் சோதனையை நிறுத்தலாம் என்பது விதி. எழுத வேண்டியவர் இரண்டாம் ஆண்டு நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவருடைய பட்டறையை வாங்கியவர்கள் கதவைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு கடிதம் அனுப்பினார்கள். மூன்றாம் ஆண்டு முதலாளி பொறுமையிழந்து எரிவாயுக் குழாயைத் துண்டித்தார். நெருப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. இத்தனை நேரத்துக்கு இவ்வளவு சூடு என்று விதிப்புத்தகத்தில் வரைந்திருக்கும் கோட்டின்படி ஒரு டிகிரி கூடாமல் குறையாமல் தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் கைவிட்டால் ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரம் போகும். அங்கீகாரம் போனால் அங்கே சோதித்த ஓடு, செங்கல், குழாய், ஜன்னல் அத்தனையின் சான்றிதழும் வெறும் காகிதம். அவற்றை நம்பிக் குடிபுகுந்தவர்கள் வெளியேற வேண்டும். ஆகவே ஒருவரும் கைவிடவில்லை. உலைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினார்: ‘நல்ல நிலை.’

அவரை மாற்ற முடியவில்லை. ஒரு சோதனையைக் கவனிக்க உரிமை பெற, அதே வகைச் சோதனையொன்றை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்திருக்க வேண்டும். உலை இருப்பது ஒன்று. அதில் நடக்கும் சோதனை முடியவில்லை. முடியாததால் ஒருவரும் பழகவில்லை, பழகாததால் ஒருவரும் அவருக்குப் பதிலாக உட்காரவில்லை. அவர் பதினான்கு நிமிடத் துண்டுகளாகத் தூங்கக் கற்றுக்கொண்டார். கனவுகளும் அதற்குப் பழகின. அளவெடுக்க எழும்போது நின்று, திரும்பக் கண்மூடும்போது விட்ட வாக்கியத்திலிருந்து தொடரும். நான்காம் ஆண்டு தொடங்கிய கனவொன்றில் அவர் ஒரு பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். ஏழாம் ஆண்டு பேருந்து வந்தது. இடமில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை முற்றுப்புள்ளி வருவார். ஒரு முகவரியின் கடைசியில் புள்ளி இல்லை என்று வேறொரு ஆய்வுக்கூடத்தில் ஆயிரத்து நூறு சான்றிதழ்களைத் திரும்ப அச்சடிக்க வைத்தவர் அவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும். எரியாமல் நிற்கும் கதவையோ வாயுவில்லாமல் எரியும் நெருப்பையோ அவர் கேள்வி கேட்டதில்லை; அவை விதிக்கு முரணாக இல்லை. முதல் ஆண்டு, சுவர்க் கடிகாரத்தில் அளவு சரிபார்த்த சீட்டு இல்லை என்று எழுதினார். நான்காம் ஆண்டு, உலைக்காரரின் நாற்காலி கருவிப் பட்டியலில் இல்லை. நாற்காலிக்கு எண் கொடுத்தார்கள். ஆறாம் ஆண்டு, பதிவேட்டின் கையெழுத்து தளர்ந்திருக்கிறது, எழுதியவர் அதே ஆள்தானா என்று சான்று கேட்டார். எட்டாம் ஆண்டு, தினமும் சாப்பாடு கொண்டுவரும் மனைவி வருகைப் பதிவில் ‘நோக்கம்: கணவர்’ என்று எழுதுவது தெளிவாக இல்லை என்றார். அந்த அம்மாள் மறுநாள் முதல் ‘நோக்கம்: தலைவிதி’ என்று எழுதினாள். அதற்குக் குறை வரவில்லை.

கதவு திறக்கப்பட்ட வாரத்தின் தொடக்கத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். கூரை ஒழுகுவதை அவளே அடைத்திருந்தாள், மாமியார் இறந்தபோது காரியமெல்லாம் அவளே செய்திருந்தாள், அதையெல்லாம் அவள் சொல்லிக்காட்டவில்லை.

“உங்க கதவு வேகுற வரைக்கும் நான் வெந்துகிட்டிருக்க முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வீட்டப் பூட்டிட்டு எங்க அண்ணன்கிட்ட போயிடுவேன். சாவி வழக்கமா வைக்கிற எடத்துல இருக்காது.”

“வியாழக்கிழமை மதிப்பீடு இருக்கு,” என்றார் உலைக்காரர்.

“அப்ப ஒரு நாள் மிச்சம் இருக்குல்ல.”

வியாழக்கிழமை முற்றுப்புள்ளி ஒன்பது மணிக்கு வந்து, பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து எடுத்தார். ஏறக்குறைய நான்கு லட்சம் ‘நல்ல நிலை’. பத்து மணிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் பெரிய குறை என்று பொருள்.

“நெருப்புப் பக்கம் கதவு எப்படி இருக்குன்னு பாத்தது யாரு?”

உலையின் கண்ணாடித் துளை முதல் மணி நேரத்திலேயே புகை படிந்து மூடிப்போனது என்று முதலாளி விளக்கினார். இந்தப் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது என்று உலைக்காரர் சொன்னார்.

“கதவுக்கு ரெண்டு பக்கம்,” என்றார் முற்றுப்புள்ளி. அதை மறுக்க முடியவில்லை. நெருப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்த்து இன்றே பதிவு செய்யாவிட்டால் வெள்ளிக்கிழமை முதல் அங்கீகாரம் நிறுத்தப்படும் என்றார். திறந்தால் சோதனை கெட்டுவிடாதா என்று முதலாளி கேட்டார். தீ இந்தப் பக்கம் பத்து விநாடி தொடர்ந்து நின்றால்தான் தோல்வி, திறப்பது தோல்வி என்று எங்கும் எழுதவில்லை என்று முற்றுப்புள்ளி பத்தி எண்ணைச் சொன்னார். உறை பிரிக்கப்பட்டது, மூவர் கையெழுத்திட்டனர். உலைக்காரர் ஈரச் சட்டைகளை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

நெருப்பு வெளியே வரவில்லை. டாக்டர் கூப்பிடட்டும் என்று வாசலில் நிற்கும் கூட்டம் போல நிலைப்படியோடு நின்றது. முற்றுப்புள்ளி விநாடி எண்ணினார். பத்தாகியும் ஒரு நாக்குகூடப் படி தாண்டவில்லை. கதவின் அந்தப் பக்கத்து வண்ணம் நேற்று பூசியது போல இருந்தது. ஆனால் கீல் இருக்கும் ஓரம் வெளியே நின்றால் தெரியவில்லை. தெரியாததை அவர் எழுதியதில்லை. காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு, எழுதும் அட்டையோடு உள்ளே போனார். சட்டையின் காலர்கூடச் சுருங்கவில்லை.

“உள்ள வெளிச்சம் நல்லாருக்கு,” என்று குரல் வந்தது. “கதவ சாத்துங்க. பூட்டின நிலையிலதான் பாக்கணும்.”

உலைக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பதினோரு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று முதலாளி பிற்பாடு சொல்வார்.

“சார், நீங்க முழுசா முடிஞ்ச கதவு டெஸ்ட் எத்தன பாத்திருப்பீங்க?”

“நானூத்திப் பன்னெண்டு. ஏன்?”

கோப்பக்காவுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவனிப்பவர் கதவின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. தகுதி இருந்தால் போதும். பணி ஒப்படைப்புப் படிவத்தை எடுத்தார். பதினோரு வருடமாகத் தூசி படிந்த படிவம். ‘ஒப்படைப்பவர்’ என்ற கட்டத்தில் உலைக்காரர் கையெழுத்திட்டார். ‘ஏற்பவர்’ என்ற கட்டத்தைக் கோப்பக்கா நிரப்பவில்லை. படிவத்தை நிலைப்படிக்கு மேலாக நீட்டினார்.

முற்றுப்புள்ளி படிவத்தைப் பார்த்தார். அது என்ன படிவம் என்பது அவருக்குப் புரிந்ததா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அவர் முகம் சுளித்தார்.

“இது என்ன, நிரப்பாமலே குடுக்கறீங்க?” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். தேதி போட்டார், நேரம் போட்டார், கடைசியில் ஒரு புள்ளி வைத்தார்.

உலைக்காரர் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை உறையிலிட்டு முத்திரை வைத்தார். பதினைந்து நிமிடத்தில் கதவின் அடியிலிருந்து முதல் சீட்டு வந்தது. ஓரம்கூடக் கருகவில்லை. ‘நல்ல நிலை. கைப்பிடித் திருகு ஒன்று தளர்வு.’ அன்று முதல் சீட்டுகள் நேரம் தவறாமல் வருகின்றன. அந்த இடுக்கில் காகிதம் நுழையும், கம்பி நுழையாது. முதலாளி வாராவாரம் செருகிப் பார்க்கிறார். வாரியம் வேறொருவரை அனுப்பியது. அவர் பதிவேட்டைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்கான கவனிப்பைத் தான் எங்கும் கண்டதில்லை என்று எழுதி அங்கீகாரத்தைப் புதுப்பித்தார்.

“முடிஞ்சுதா?” என்று அந்த வியாழக்கிழமை, பூட்டு விழுந்ததும் கேட்டாள் மனைவி.

“இல்ல. ஆனா நான் வரலாம்.”

அவர்கள் நடந்தே போனார்கள். அவள் ஈரச் சட்டைகளைச் சுமந்தாள், அவர் டப்பாவை. இடையில் மூன்று முறை அவர் நின்று மணி பார்த்தார். மூன்று முறையும் அவள் நிற்காமல் நடந்தாள். வீட்டு வாசலில், பழக்க தோஷம், கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“எத்தன?” என்றாள்.

“இருவத்தெட்டு.”

“உள்ள போங்க.”

போனார். அவள் பின்னாலேயே நுழைந்து கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.