தேய்ந்த இடம்

"பாம்ம்ம்!"

ஹாரன் அலறியதில், அப்பாவை அமரர் ஊர்தியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள்.

"கை பட்டுடுச்சு சித்தப்பா!" பெரிய பைக்கின் மறுபக்கத்திலிருந்து ஸ்குரூ டிரைவரும் கையுமாக மகள் தலையை நீட்டினாள்.

"உங்கப்பாவை எழுப்பிடாதே தாயி. எழுந்தா முதல்ல உன்னைத்தான் திட்டுவாரு."

திட்டத்தான் செய்வார். ஊரிலுள்ள பைக்கெல்லாம் அவள் பட்டறைக்குத்தான் வரும். அப்பா வண்டியின் க்ரூஸ் கண்ட்ரோல் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. பட்டனை அழுத்திவிட்டால், ஆக்ஸிலேட்டரை முறுக்காமலே வண்டி ஒரே வேகத்தில் போக வேண்டும். அவள் ஓட்டிப் பார்த்தால் சமர்த்தாகப் போகும். அம்மாவை ஏற்றிக்கொண்டு அப்பா டூர் கிளம்பினால், மீட்டரில் பச்சை விளக்கு பொசுக்கென்று அணைந்து, க்ரூஸ் விட்டுவிடும். ஸ்விட்சை மாற்றினாள், வயரை மாற்றினாள். ஊஹூம்.

"எம்பொண்ணு பெரிய மெக்கானிக். என் வண்டியைத் தவிர எல்லாத்தையும் சரி பண்ணிடுவா!" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர், நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. வண்டிச் சண்டை பாதியில் நின்றுவிட்டது. அதுதான் அவளை அரித்தது.

அம்மா ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். "கார்ல வரல. இதுலயே வரேன்."

நேர் சாலையில், ஊர்திக்குப் பின்னால் ஓட்டியபடி மகள் பட்டனை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. நடுவில் முதுகில் 'டொக்'கென்று ஹெல்மெட் முட்டியது.

"தூங்குறியாம்மா?"

"ம்... இல்லடி. வேடிக்கை பாக்குறேன்."

மயான வாசலில் நிறுத்தியபோதுதான் முன் பிரேக்கின் பிடி கண்ணில் பட்டது. கறுப்புப் பூச்சு இரண்டே இடத்தில் தேய்ந்து பளபளத்தது. அந்த இடத்தில் இரண்டு விரலை லேசாக வைத்தாள்.

"பின்னாடி பிரேக் லைட் எரியுது பாரு," என்றார் சித்தப்பா.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் விட்டுவிடும். அப்படித்தான் விட வேண்டும்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா! பிரேக்ல கை வெச்சுக்கிட்டே ஓட்டிட்டு, என் மானத்தை வாங்கியிருக்காரு! தனியா போனா காத்தா பறப்பாரே, நீ பின்னாடி இருந்தா மட்டும் அவருக்கு என்ன அவ்வளவு பயம்?"

அம்மா தேய்ந்த இடத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் தூங்குறது அந்த மனுஷனுக்குத் தெரியாதுன்னுல்லடி நெனச்சிட்டிருந்தேன்!"